கல், சுண்ணாம்பு, வெளிச்சம்: கண்ணாடித் தொட்டிக்குள் பவளம் பிழைத்த வரலாறு

வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்க ஆசைப்படும் ஒருவர் கடைக்குப் போனால் முதலில் அவர் கைக்கு வருவது கருவிகளின் பட்டியல். எல்.இ.டி. விளக்கு, ஸ்கிம்மர், அலை எழுப்பும் மோட்டார், நீரைக் குளிர்விக்கும் சில்லர், சொட்டுச் சொட்டாக ரசாயனம் விடும் பம்ப், எல்லாவற்றையும் கைப்பேசியிலிருந்தே இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று அது நீண்டுகொண்டே போகும். கையில் காசு சேரச் சேர ஒவ்வொன்றாக வாங்கி மாட்டுவதையே தொட்டியை மேம்படுத்துவது என்கிறார்கள். பவளத் தொட்டிக்கு ஏறக்குறைய 180 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்தால் காரியம் வேறு விதமாக நடந்திருப்பது தெரியும். தண்ணீருக்குள் இன்ன குறை இருக்கிறது என்று யாரோ ஒருவர் கண்டுபிடித்தபோதெல்லாம் பவளம் ஒரு படி கூடுதலாகப் பிழைத்தது. குறையைக் கண்ட பிறகு அதைத் தீர்க்க வந்த கருவிகள் நிலைத்தன. குறை இன்னதென்று தெரியுமுன்பே வந்த கருவிகளைப் பின்னாளில் தொட்டி வைத்திருந்தவர்களே கழற்றிப் போட்டார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்த வரலாற்றைவிடப் பயனுள்ள கையேடு இல்லை என்பது என் துணிபு.

சிசிலித் தீவின் மெசினா நகரில் வாழ்ந்த பிரெஞ்சுப் பெண்மணி ழான் வில்ப்ரே-பவர் 1832-லேயே கண்ணாடித் தொட்டி செய்து, பேய்க்கணவாய் இனத்தைச் சேர்ந்த ஆர்கோனாட்டை அதில் வைத்து ஆராய்ந்தார். ஆனால் அவருக்குக் கடல் பக்கத்திலேயே இருந்தது. கடலிலிருந்து தொலைவில், நகரத்து வீட்டுக்குள் பவளத்தை ஆண்டுக்கணக்கில் வாழவைத்த பெருமை இங்கிலாந்தின் அன்னா தின் அம்மையாரைச் சேரும். 1846-ல் டார்க்கே கடற்கரைக்குப் போன அவர், பாறைகளில் ஒட்டியிருந்த சிறு கற்பவளங்களைக் கண்டு வியந்து, அவற்றைக் கல்ஜாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். வழியில் ஆடி உடையாதிருக்க ஊசிநூலால் ஒரு கடற்பஞ்சில் அவற்றைத் தைத்து வைத்தாராம். லண்டனில் நினைத்த நேரத்தில் புதுக் கடல்நீர் கிடைக்காது. அதனால் வீட்டுப் பணிப்பெண் திறந்த ஜன்னலருகே நின்று, அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்றினாள். அடுத்த ஆண்டு தொட்டிக்குள் கடற்பாசியும் சேர்ந்தது. பவளங்கள் மூன்று ஆண்டுக்கு அருகே உயிரோடு இருந்தன, குஞ்சும் விட்டன. பெயர் எழுதப்படாத அந்தப் பணிப்பெண்ணின் கைகள்தான் பவளத் தொட்டியின் முதல் மோட்டார்.

அம்மையார் கண்ட குறை ஒன்றே ஒன்று: தண்ணீரில் காற்று போதவில்லை. அதைத் தீர்த்தார், வென்றார். ஆனால் அந்த வெற்றியில் அவருக்கே தெரியாத ஒரு நற்பேறும் கலந்திருந்தது. இங்கிலாந்துக் கரையோரத்து அந்தக் கற்பவளம் குளிர்ந்த நீரில் தனித்து வாழும் இனம். வெப்பமண்டலப் பவளங்களைப் போல அதன் உடலுக்குள் பாசி குடியிருப்பதில்லை. ஆகவே அதற்கு வெயில் தேவையில்லை, கைக்குக் கிடைத்த உணவை ஊட்டினாலே போதும். மன்னார் வளைகுடாவிலோ பசிபிக்கிலோ இருந்து ஒரு பவளத்தை அவர் கொண்டுவந்திருந்தால், பணிப்பெண் நாள் முழுக்க ஊற்றினாலும் அது சில வாரங்களில் வெளிறிச் செத்திருக்கும். ஒரு குறையைத் தீர்த்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணும் பிழை இந்தப் பொழுதுபோக்கில் தொடக்கத்திலேயே வேர்விட்டது.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த எண்ணத்துக்கு அறிவியல் சாயமும் ஏறியது. வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850-ல் வெளியிட்ட சோதனையில், பொன்மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் நீரை மாற்றாமலே வாழ்ந்தன. மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது, செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்கிறது, அழுகலை நத்தை தின்கிறது, கணக்கு நேராகிவிட்டது என்று அவர் விளக்கினார். பிலிப் ஹென்றி காஸ் இதைக் கடல்நீருக்குக் கொண்டுபோனார். 1853-ல் லண்டன் விலங்கியல் பூங்காவில் திறந்த மீன் மாளிகைக்கு உயிரினங்களைச் சேகரித்துத் தந்ததும் அவர்தான். 1854-ல் வந்த அவருடைய நூலுக்குப் பிறகு இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பங்களில் கடல்தொட்டி ஒரு மோகமாகவே பரவியது. 1845-ல் கண்ணாடி மீதான வரி நீங்கியிருந்தது, ரயில் கடற்கரை வரை போயிருந்தது. சாப்பாட்டு உப்பு, பேதியுப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் அளவாகக் கரைத்துச் செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் காஸ் எழுதினார். இன்று வாளி வாளியாக விற்கும் கடலுப்புக் கலவைக்கு அதுவே மூதாதை. அவர் பட்டியலில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்பதைப் பவளம் வளர்ப்பவர்கள் உடனே கவனிப்பார்கள். அந்நாளைய தொட்டிகளில் இருந்த கடற்சாமந்திக்கு அது அவ்வளவாகத் தேவைப்படவில்லை. எலும்பு கட்டும் பவளத்துக்கு அதுதான் உயிர்.

அந்த மோகம் பத்தாண்டுக்குள் தணிந்தது. ஆர்வம் குறைந்தது ஒரு காரணம். தொட்டிகள் நாறியதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். காஸின் கணக்கு மூச்சுக்கணக்கு மட்டுமே. உயிரினம் கழிக்கும் அம்மோனியா என்னும் நஞ்சு எங்கே போகிறது என்ற கேள்வி அதில் எழவே இல்லை. எழவும் முடியாது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது உயிருள்ள ஒன்றின் வேலை என்பதை ஷ்லோசிங்கும் மியூன்ட்ஸும் பிரான்சில் காட்டியது 1877-ல். அந்த நுண்ணுயிர்களை வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்தது அதற்கும் பத்தாண்டுக்கு மேல் கழித்து. விக்டோரியா காலத்துத் தொட்டிக்காரர்கள் மூச்சுத்திணறலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள், நோயாளி நஞ்சுண்டு செத்துக்கொண்டிருந்தான். அதற்கு விலை கொடுத்தது இங்கிலாந்தின் டெவன் கடற்கரை. செத்ததற்கு ஈடாகப் புதிதாகப் பிடித்து வைக்கும் கூட்டம் பாறைக்குழிகளைச் சுரண்டி வெறுமையாக்கிற்று. காஸின் மகன் எட்மண்ட் 1907-ல் எழுதிய தன் நினைவு நூலில், தந்தையின் புத்தகங்களே அந்த அழிவுக்கு வழிகாட்டின என்பதை மனவேதனையோடு பதிவு செய்திருக்கிறார். அறியாமை தொட்டிக்குள் மட்டும் நின்றுவிடுவதில்லை, கடலையும் தொட்டுவிடுகிறது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று கிடையாது.

இந்தக் காலத்தில் சரியான திசையில் யோசித்த ஒருவரை வரலாறு போதிய அளவு கொண்டாடவில்லை. அவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட். லண்டனில் கடலுயிர் விற்ற கடைக்காரர். 1862-ல் கடை நொடித்துப்போன பிறகு, 1864-ல் ஹாம்பர்க்கிலும் 1871-ல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸிலும் பொது மீன் காட்சியகங்களை அமைத்தார். பார்வைக்கு வைக்கும் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தைத் தரைக்கடியில், இருட்டில் கட்டி, அந்த நீரை ஓயாமல் சுற்றவிடுவதுதான் அவர் முறை. நிறைய நீர் இருந்தால் நஞ்சு நீர்த்துப்போகும், இருட்டில் பாசி மண்டாது, ஓட்டத்தில் காற்று கலக்கும். அவருக்கும் நுண்ணுயிர்க் கணக்கு தெரியாது. ஆயினும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேட்டை அளவால் வெல்லலாம் என்று கண்டுகொண்டார். இன்று தொட்டிக்கடியில் வைக்கும் சம்ப் என்ற கீழ்த்தொட்டி அவர் எண்ணத்தின் குட்டிப் பதிப்பு. சின்னத் தொட்டியில் தொடங்கிப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கும் தொடக்கக்காரருக்கு லாய்டின் பதில் தெளிவானது: நீர் குறைந்தால் பிழைக்கு இடம் குறையும். ஒரு மீன் செத்தால் நானூறு லிட்டரில் அது தெரியாமலே கரைந்துவிடும், நாற்பது லிட்டரில் மற்ற எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். 1909-ல் மெரினாவில் திறந்து, முதலில் சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த மீன் காட்சியகமும் இந்தப் பொதுக் காட்சியகப் பரம்பரையைச் சேர்ந்ததே.

மீன் பிழைத்தது, பவளம் பிழைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதிக்கு இந்த ஒரு வரி போதும். காரணம், வெப்பமண்டலப் பவளம் என்ன சாப்பிடுகிறது என்பதே தெளிவாகவில்லை. அதன் தசைக்குள் பொன்னிறப் பாசிகள் குடியிருப்பதை 1881-ல் பிராண்ட் என்னும் ஜெர்மானியர் கண்டு பெயரிட்டிருந்தார். 1928-29-ல் சி. எம். யங் தலைமையில் ஆஸ்திரேலியாவின் லோ தீவுகளுக்குப் போன குழு, பவளங்களை ஒளி புகாத பெட்டிகளில் அடைத்துக்கூடப் பார்த்தது. ஆனாலும் அந்தப் பாசி பவளத்துக்குச் சோறு போடுகிறது என்று யங் ஏற்கவில்லை. கழிவை அகற்றும் வேலைக்காரனாகவே அதைக் கருதினார். 1958-ல் மஸ்கட்டைனும் ஹேண்டும் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு, பாசி வெயிலில் சமைத்த உணவு கடற்சாமந்தியின் தசைக்குள் போய்ச் சேர்வதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஜமைக்காவில் கோரோ தம்பதியர், வெளிச்சத்தில் பவளம் சுண்ணாம்பை வேகமாகப் படியவைக்கிறது என்று அளந்து சொன்னார்கள். ஆக, பவளத்துக்கு விளக்கு என்பது காட்சி அலங்காரம் இல்லை, சாப்பாடு என்ற செய்தி உறுதியாகி எழுபது ஆண்டுகூட ஆகவில்லை.

அறிவியல் முடிவெடுக்கும் அதே வேளையில் இரண்டு மனிதர்கள் அதைக் கண்ணெதிரே காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நியூ கலிடோனியாவின் நூமேயாவில் 1956-ல் காட்சியகம் திறந்த ரெனே கத்தலா. அங்கே வடிகட்டாத கடல்நீர் தொட்டிகளுக்குள் புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். வெயில் தாராளம். உயிருள்ள பவளங்கள் அங்கே நிலையாக வாழ்ந்தன. புறஊதா வெளிச்சத்தில் அவை பச்சையும் செம்மஞ்சளுமாக ஒளிர்வதை உலகுக்குச் சொன்னவரும் அவரே. மற்றவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். 1961-ல் ஒரு அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் தன் முறையை வெளியிட்டார். அவருடைய தொட்டியில் வடிகட்டியே கிடையாது. கடல்நீர், ஜன்னல் வழி வெயில், மெல்லக் குமிழிவிடும் ஒரு காற்றுக்குழாய், அப்புறம் கடலடியிலிருந்து உயிரோடு எடுத்துவந்த கற்கள். அவ்வளவுதான்.

அந்தக் கற்களிடம்தான் மொத்தச் சூட்சுமமும் இருந்தது. செத்த பவளக் கூடு காலப்போக்கில் கல்லாகிறது. நுண்துளை நிறைந்த அந்தக் கல்லின் மேற்பரப்பில் ஆக்சிஜன் விரும்பும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. துளைகளின் ஆழத்தில், ஆக்சிஜன் எட்டாத இருட்டில், வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியே விடுகிறது. நஞ்சு காற்றாகிப் போய்விடுகிறது. காய்ச்சிய பாலில் ஒரு கரண்டி உறைமோர் செய்யும் வேலையை ஒரு கல் தொட்டிக்குச் செய்கிறது. கடைக்காரர்கள் லைவ் ராக், அதாவது உயிர்க்கல், என்று கிலோக்கணக்கில் விற்பது இதைத்தான். காஸின் கணக்கில் விடுபட்டுப் போன பக்கத்தை லீ சின் எங்கின் கல் நிரப்பிவிட்டது. அதற்கு மின்சாரம்கூடத் தேவைப்படவில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும், வருவது நியாயமும்கூட. நூமேயாவிலும் ஜகார்த்தாவிலும் கடல் வாசலில் கிடந்தது. புது நீரும் வெயிலும் வேண்டிய மட்டும் இலவசம். அவர்களுக்குக் கடலே கருவி. கடல் இல்லாத ஊர்க்காரன் கருவி இல்லாமல் என்ன செய்வான்? அமெரிக்கத் தொட்டிக்காரர்கள் அந்தக் காலத்தில் கேட்டதும் இதுதான். அவர்கள் வேறு பாதையில் போனார்கள். சரளைக்கற்களுக்கு அடியிலிருந்து நீரை உறிஞ்சும் அடித்தள வடிகட்டி 1950-களின் இறுதியில் பரவியது. ராபர்ட் ஸ்ட்ராகனின் 1959 நூல் அதைக் கொண்டாடியது. 1960-களில் பொட்டலக் கடலுப்பு கடைக்கு வந்தது. மீன் வளர்க்க இந்த இரண்டும் பெரும் உதவி, மறுக்கவில்லை. ஆனால் சரளையில் நைட்ரேட் தேங்கிக்கொண்டே போனது. மீன் நோய்க்குத் தாமிர மருந்து ஊற்றினார்கள், அது முதுகெலும்பில்லாத உயிர்களை எல்லாம் கொல்லும். விளைவாக, அந்நாளைய கடல்தொட்டிகளில் பவளம் என்றால் வெளுப்புமருந்தில் ஊறப்போட்டுச் சுண்ணாம்பு வெள்ளையாக்கிய செத்த கூடுதான். பாசி பிடித்ததும் எடுத்து மீண்டும் வெளுத்து வைப்பார்கள். கருவி வந்தது, பவளம் எலும்பாக நின்றது.

கடல் இல்லாத ஊர் என்ன செய்யும் என்ற கேள்விக்கு உண்மையான விடை பெர்லினிலிருந்து வந்தது. கடலிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளியிருக்கும் நகரம், குளிர்காலத்தில் வெயில் முகம் காட்டாத நகரம். அங்கிருந்த ஆர்வலர்கள் 1970-களிலும் 80-களிலும் சேர்த்துக்கட்டிய முறையில் நான்கே உறுப்புகள்: நிறைய உயிர்க்கல், ஸ்கிம்மர், பலமான மெட்டல் ஹாலைடு விளக்கு, சுண்ணாம்புத் தெளிவு. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட குறைக்கு வைத்த விடை. வெயில் இல்லை, அதற்கு விளக்கு. கழிவை அள்ளிப்போகும் கடலோட்டம் இல்லை, அதற்கு ஸ்கிம்மர். உப்புநீரில் நுண்குமிழிகளைப் பாய்ச்சினால் கழிவுப் பொருள் குமிழியின் தோலில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறும். அதை ஒரு கிண்ணத்தில் வழித்தெடுத்துவிட்டால், நஞ்சாக மாறுமுன்பே கழிவு வெளியேறிவிடும். ஜெர்மனியில் உருவான இந்த உத்தி மீன் தொட்டிகளில் முன்பே இருந்ததுதான். உயிர்க்கல்லோடு அதை இணைத்தபோதே அதன் முழுப் பயன் விளங்கிற்று.

சுண்ணாம்புத் தெளிவைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் கற்பவளத்தை வளரவைத்தது அதுதான். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 410 மில்லிகிராம் கால்சியம் உண்டு. எலும்பு கட்டும் பவளம் அதையும் கார்பனேட்டையும் ஓயாமல் இழுத்துக்கொள்ளும். கடலில் குறையாது, தொட்டியில் சில வாரங்களில் குறைந்துவிடும். அப்புறம் வளர்ச்சி நிற்கும், தசை விளிம்பிலிருந்து உரியத் தொடங்கும். சுவிட்சர்லாந்திலிருந்து எழுதிய பீட்டர் வில்கென்ஸ் 1973-ல் வெளியிட்ட நூலில் ஒரு எளிய வழி சொன்னார். நீற்றிய சுண்ணாம்பை நல்ல நீரில் கரைத்துத் தெளியவிடு, மேலாக நிற்கும் தெளிவை எடு, தொட்டியில் ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக அதையே விடு. தெளிவு கடுங்காரம் கொண்டது, அதன் பி.எச். அளவு 12-க்கு மேல். மளமளவென்று ஊற்றினால் தொட்டியே போய்விடும். ஆகவே இரவில், சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இரவில் பாசி உறங்கும், நீரில் கரியமில வாயு ஏறும், காரத்தன்மை இறங்கும். சுண்ணாம்பு அந்த வாயுவைப் பிடித்துக்கொண்டு பவளத்துக்கு வேண்டிய கார்பனேட்டாகவே மாறும். ஒரே சொட்டு மூன்று குறைகளைத் தீர்த்தது. இந்த முறையில்தான் பெர்லின்காரர் டீட்ரிக் ஸ்டூபர் அக்ரோபோரா என்னும் கிளைப்பவளத்தை ஒரு துண்டிலிருந்து பெருங்கொத்தாக வளர்த்தார். ஒடித்து ஒடித்து அவர் பகிர்ந்த துண்டுகள் பல நாட்டுத் தொட்டிகளுக்குப் போயின. அதே காலத்தில் மன்னார் வளைகுடாவில் நாம் படகு படகாகப் பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் ஆலைகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தோம். அங்கே சுண்ணாம்பு பவளமாகிக்கொண்டிருந்தது, இங்கே பவளம் சுண்ணாம்பாகிக்கொண்டிருந்தது.

பெர்லின் முறை ஜெர்மன் மொழிக்குள்ளேயே அடைந்து கிடந்த வேளையில் அமெரிக்காவில் வேறொன்று நடந்தது. 1986-ல் ஜார்ஜ் ஸ்மிட் ஒரு மீன்வளர்ப்பு இதழில் தொடராக எழுதிய குட்டிப் பவளத்தொட்டிக் கட்டுரைகள் பெரும் பரபரப்பை உண்டாக்கின. அவர் காட்டிய தொட்டி அழகானது. அதன் நெஞ்சாகச் சொல்லப்பட்டது, பிளாஸ்டிக் பந்துகளின் மேல் நீரைச் சொட்டவிடும் ஒரு வடிகட்டி. காற்றும் நீரும் கலந்து படும் அந்தப் பந்துகளில் நுண்ணுயிர் செழித்து, அம்மோனியாவை நொடியில் நைட்ரேட்டாக்கும். ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள். மென்பவளங்கள் வளர்ந்தன. கற்பவளம் தயங்கிற்று. காரணம் வேதியியலில் இருந்தது: பந்துகள் பாதிக் காரியத்தை மட்டும் மிக வேகமாகச் செய்தன. நைட்ரேட்டை நைட்ரஜனாக்கும் மறுபாதிக்கு ஆக்சிஜன் இல்லாத ஆழம் வேண்டும், அது பந்தில் இல்லை, கல்லில்தான் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் சார்லஸ் டெல்பீக்கும் ஜூலியன் ஸ்ப்ரங்கும் பெர்லின் முறையை ஆங்கிலத்தில் எழுதிப் பரப்பியதும், பலர் அந்தப் பந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வெளியே எடுத்தார்கள். நீர் மேம்பட்டது. ஸ்மிட்டை நான் குறை சொல்லவில்லை, அவர் இல்லையேல் அமெரிக்காவில் அத்தனை பேர் இந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு விலையுயர்ந்த கருவியைக் கழற்றியதே அந்தப் பத்தாண்டின் மிகப் பெரிய மேம்பாடாக இருந்தது என்பதை மறைக்க முடியாது.

வேறு வழிகளில் நடந்தவர்களும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். மொனாக்கோவில் ழான் ழோபேர் தடித்த மணற்படுகைக்கு அடியில் நீர் தேங்கும் வெற்றிடம் விட்டு, கல்லின் ஆழம் செய்யும் வேலையை மணலின் ஆழத்தைக் கொண்டு செய்யவைத்தார். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 1980-ல் வால்டர் ஏடி அமைத்த பவளத்தொட்டியில், தனி வெளிச்சத்தில் பாசிப்பாய் வளர்த்து அதை அவ்வப்போது அறுத்தெடுப்பதே சுத்திகரிப்பு. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் 1987-ல் திறந்த மாபெரும் பவளக் காட்சியகமும் அந்த முறையைக் கையாண்டது. கல், மணல், பாசி எனப் பாதை மூன்று. மூன்றிலும் உழைப்பது உயிர், கருவி எடுபிடி.

இன்றைய ஆர்வலர் கேட்கக்கூடிய வலுவான எதிர்வாதம் இன்னொன்று உண்டு. எல்.இ.டி. விளக்கு மின்செலவையும் சூட்டையும் குறைத்தது, தானியங்கிப் பம்ப் சரியான அளவில் கால்சியத்தை விடுகிறது, இவை இல்லாமல் சம்பளக்காரர் ஒருவர் பவளம் வளர்க்க முடியுமா? முடியாது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என் வாதம் உடைவதில்லை, உறுதிப்படுகிறது. அந்தப் பம்ப் யாருக்குப் பயன்படும்? தன் தொட்டி நாளொன்றுக்கு எவ்வளவு கால்சியம் உண்கிறது என்று அளந்து வைத்திருப்பவருக்கு. அளக்காதவர் கையில் அதே பம்ப் தவறான மருந்தைத் தவறாத நேரத்தில் ஊற்றும். விளக்கும் அப்படித்தான். கல் பழுக்காத, அதாவது அதில் நுண்ணுயிர் இன்னும் நிலைபெறாத, தொட்டியில் பலமான விளக்கைப் போட்டால் முதலில் விளைவது பவளமல்ல, பழுப்புப் பாசி. வரலாறு காட்டும் வரிசை இதுதான்: முதலில் போதிய அளவு நீர், பிறகு கல்லும் அது பழுக்கும் காலமும், பிறகு ஓட்டம், பிறகு வெளிச்சம், கற்பவளம் வைக்கும்போது மட்டும் சுண்ணாம்பு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உப்பளவு லிட்டருக்கு 35 கிராம் அளவில் நிற்க வேண்டும். நம் ஊர் வெயிலில் நீர் ஆவியாகும் வேகத்துக்கு அதைக் காப்பதே தினசரி வேலை. ஆவியாகிப் போவது நீர் மட்டும், உப்பு போகாது. ஆகவே நிரப்பும்போது நன்னீரைத்தான் விட வேண்டும், அதுவும் ஆர்.ஓ. நீராக இருப்பது நல்லது. அளக்கும் சோதனைப் புட்டிகளுக்குச் செலவழிக்கும் பணம் முதல் ஆண்டில் வேறெந்தக் கருவிக்குச் செலவழிப்பதையும்விடப் பயன் தரும்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் ஒழுக்கம் சார்ந்தது: வீட்டு அழகுக்காகக் கடலைக் கொள்ளையடிக்கலாமா? டெவனில் தொடங்கிய பழி இந்த வரலாறு முழுக்கத் தொடர்கிறது. இலங்கையிலிருந்து 1930-களிலேயே வண்ணக் கடல்மீன் ஏற்றுமதி சிறிய அளவில் தொடங்கிவிட்டது. பிலிப்பைன்ஸில் 1960-கள் முதல் சயனைடைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடித்தார்கள். மீனோடு பவளமும் செத்தது, வாங்கியவர் தொட்டியில் சில நாளில் மீனும் செத்தது. இந்தப் பழியை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் விடுதலைக்கான வழியும் இதே வரலாற்றுக்குள்தான் பிறந்திருக்கிறது. 1970-களில் ப்ளோரிடாவில் மார்ட்டின் மோ கோமாளி மீனை வணிக அளவில் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்தார். பின்னாளில் நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் கோமாளி மீன் இனப்பெருக்கத்தைக் கைவசப்படுத்தியது. ஸ்டூபரின் ஒடித்த கிளையிலிருந்து தொடங்கிய துண்டு வளர்ப்பு இன்று பல நாடுகளில் ஒரு தொழில். 2018-ல் இந்தோனேசியா பவள ஏற்றுமதியை நிறுத்தி, 2020-ல் மீண்டும் திறந்த இடைவெளியில் தொட்டித் துண்டுகளின் மதிப்பு எல்லோருக்கும் விளங்கிற்று. கடலிலிருந்து எடுக்காத உலர்ந்த கல்லில் நுண்ணுயிரை ஊட்டிப் பழுக்கவைக்கும் வழக்கமும் பரவிவிட்டது. அதற்குக் கூடுதலாகச் சில மாதங்கள் ஆகும். கடலுக்குச் செலுத்த வேண்டிய வாடகையாக அந்தச் சில மாதங்களை நினைக்கலாம்.

தமிழ்நாட்டில் தொட்டி வைக்க விரும்புகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. 2001 ஜூலை முதல், கற்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமான காவலில் இருக்கின்றன. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. பல்லாண்டு பவளக்கல் வெட்டியதே அதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது உங்களிடம் பவளமோ உயிர்க்கல்லோ விற்க வந்தால் வாங்காதீர்கள்; வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.